சொரென்டோ தீபகற்பத்தில் ஐந்து இரவு: ஒரே ஊரில் தங்குங்கள், கார் வேண்டாம்

கேள்வி இதுதான். கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. செப்டம்பர் கடைசி வாரம், தெற்கு இத்தாலியின் சொரென்டோ தீபகற்பத்தில் ஐந்து இரவு. நேப்பிள்ஸ் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, சொரென்டோ, பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ, காப்ரித் தீவு என்று ஊருக்கு ஓர் இரவு, நடுவில் பழைய ரோமானிய ஊரான பொம்பெய், அதைப் புதைத்த வெசுவியஸ் எரிமலை. இது சரிவருமா?

சரிவராது. இப்படிப் போனால் ஐந்து நாளும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும், கடைசியில் மனதில் நிற்பது பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறிய படிக்கட்டுகள் மட்டும்தான். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மே மாதத்தில் நண்பர்களோடு. அடுத்த முறை அக்டோபர் தொடக்கத்தில் என் அம்மாவோடு, அவருக்கும் முழங்கால் பிரச்சினைதான். இரண்டு பயணமும் ஒரே இடத்துக்குப் போனதுபோலவே இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு இரண்டாவது பயணத்தை மனதில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஹோட்டல் தேடுவதை நிறுத்திவிட்டு வரைபடத்தைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். நேப்பிள்ஸ் வளைகுடாவுக்கும் சலெர்னோ வளைகுடாவுக்கும் நடுவில் ஒரு விரல்போல நீட்டிக்கொண்டிருக்கிறது இந்த நிலம். அதன் முதுகெலும்பு லத்தாரி மலைத்தொடர், உயரமான இடத்தில் 1,400 மீட்டரைத் தாண்டும். விரலின் வடக்குப் பக்கம் சொரென்டோ. அங்கே ஓரளவு சமதளம் உண்டு, நேப்பிள்ஸிலிருந்து ரயில் உண்டு, பொம்பெய் அந்த ரயில் பாதையிலேயே இருக்கிறது. தெற்குப் பக்கம்தான் எல்லோரும் படத்தில் பார்க்கும் அமால்ஃபி கடற்கரை: பொசிட்டானோ, அமால்ஃபி, மேலே ரவெல்லோ. அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. மலையை வெட்டிப் போட்ட ஒரே ஒரு சாலை, எஸ்எஸ் 163, அதற்குக் கீழே கடல். வரைபடத்தில் சொரென்டோவுக்கும் அமால்ஃபிக்கும் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் காட்டும். பேருந்தில் அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கூட்ட நாளில் இரண்டரைகூட ஆகலாம். நம் ஊர்க் கணக்கில் தூரத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்தால் எல்லாத் திட்டமும் முதல் நாளே குலைந்துவிடும்.

ஆகவே ஐந்து இரவும் சொரென்டோ. பொசிட்டானோவில் தங்கினால் ஜன்னலைத் திறந்ததும் அந்தக் காட்சி கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஊரே ஒரு படிக்கட்டு. கடையிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதற்குள் நூறு படி ஏற வேண்டியிருக்கும், பல ஹோட்டல்களுக்கு வாசல்வரை வண்டி போகாது. சொரென்டோ அப்படியல்ல. கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலைப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் என்றாலும், மேலே ஏறிவிட்டால் நடமாட்டமெல்லாம் தட்டையான தெருக்களில்தான். ஊரின் நடுச் சதுக்கமான பியாட்சா தாஸோவிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இடம் பாருங்கள். துறைமுகத்துக்கு இறங்க வில்லா கொமுனாலே பூங்காவில் கட்டண லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு அது பெரிய வரம். ஹோட்டலுக்கு எழுதும்போது 'லிஃப்ட் உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள். உண்டு என்பார்கள், அந்த லிஃப்டைச் சென்றடைய இருபது படி இருக்கும். 'தெருவிலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படி' என்று கேளுங்கள். நாங்கள் இப்படிக் கேட்டபோது ஓர் இடத்திலிருந்து வந்த பதில் நாற்பத்திரண்டு. நல்லவேளை, கேட்டோம்.

கார் விஷயம். தயவுசெய்து வேண்டாம். எஸ்எஸ் 163 பல இடங்களில் இரண்டு வண்டி ஒதுங்கிப் போகவே இடமில்லாத சாலை. கோடைக்காலத்தில், செப்டம்பர் இறுதி வரை வார இறுதிகளிலும், தேதியையும் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணையும் வைத்து ஒற்றை இரட்டை முறையில் வண்டிகளைத் தடுக்கிறார்கள். உங்கள் வாடகைக் காரின் எண் எப்படி அமையும் என்று முன்கூட்டியே தெரியாது. பார்க்கிங் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கடுமை. ஊர்களின் பழைய பகுதிகளில் அனுமதி இல்லாத வண்டிகளைக் கேமரா படம் பிடித்து, நீங்கள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கான பிறகு அபராதத் தாள் வரும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி ஓட்டுகிறவர் அந்தக் கடலைப் பார்க்கவே முடியாது, கண் முழுக்க அடுத்த வளைவில்தான் இருக்கும். விடுமுறைக்குப் போகும் ஐந்து பேரில் ஒருவரை ஏன் அப்படி உட்கார வைக்க வேண்டும்?

கார் இல்லாமல் எப்படி? வடக்குப் பக்கம் ரயில், தெற்குப் பக்கம் படகு, மலைமேல் பேருந்து, அம்மா அப்பாவுக்குக் கடினமான ஒரு நாளில் மட்டும் ஓட்டுநரோடு ஒரு வேன். அவ்வளவுதான். சிதா நிறுவனத்தின் பேருந்துகள் சொரென்டோ ரயில் நிலைய வாசலிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும். ஏறியதும் மறக்காமல் இயந்திரத்தில் பதிய வேண்டும். அமால்ஃபி பக்கம் போகும்போது வலது பக்க இருக்கை பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு குருட்டு வளைவுக்கும் முன்னால் ஓட்டுநர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். பாறையில் பதித்த குவிகண்ணாடியில் எதிரே வரும் வண்டி தெரியும். அது நின்று, மெல்லப் பின்னால் போய், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நம் பேருந்தின் பக்கவாட்டுக்கும் அதன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கும். பையனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வயிற்றைப் பிரட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்காது, அவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

ஆனால் போக வர இரண்டுக்கும் பேருந்தை நம்பாதீர்கள். மாலையில் அமால்ஃபியிலிருந்தும் பொசிட்டானோவிலிருந்தும் திரும்பும் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காமல், இரண்டு மூன்றை விட்டுவிட்டுக் காத்திருக்க நேரும். வயதானவர்களோடு வெயிலில் அது கொடுமை. படகில் போனால் நெரிசலும் இல்லை, வளைவும் இல்லை. அதைவிட முக்கியமாக, இந்தக் கடற்கரை கடலிலிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். செங்குத்துப் பாறையில் அடுக்கடுக்காக எலுமிச்சைத் தோட்டங்கள், நடுவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வீடுகள், பொசிட்டானோ தேவாலயத்தின் பச்சை மஞ்சள் ஓடு பதித்த குவிமாடம். சாலையிலிருந்து இதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். தெற்குக் கரைப் படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். காற்று பலமாக இருந்தால் அன்றைக்குக் கிடையாது. அதனால் படகு நாள் இரண்டையும் பயணத்தின் கடைசிக்குத் தள்ளாமல் முதல் பாதியிலேயே வையுங்கள். ரத்தானால் வேறொரு நாளோடு மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சொரென்டோவில் படகு கிளம்புவது மரீனா பிக்கோலா, அதாவது 'சின்னத் துறை'. மரீனா கிராண்டே, 'பெரிய துறை', அங்கே மீனவர் குடியிருப்பு. காப்ரியில் அப்படியே தலைகீழ்: படகு நிற்பது மரீனா கிராண்டே. அவசரத்தில் டாக்ஸிக்காரரிடம் பெயரை மாற்றிச் சொல்லிப் படகைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி நாட்கள். வந்து சேரும் நாளில் எதையும் திட்டமிடாதீர்கள். நேப்பிள்ஸ் விமான நிலையத்திலிருந்து சொரென்டோவுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது, நெரிசல் இல்லையென்றால் ஒன்றேகால் மணி நேரம். ஐந்து பேர், பெட்டிகள் என்பதால் வேன் பேசிக்கொண்டாலும் தப்பில்லை. சிர்க்கும்வெசுவியானா உள்ளூர் ரயில் மலிவு, ஆனால் பெட்டிகளோடு ஏற அது சரியான ரயில் இல்லை. கூட்டம், படிகள், ஜேப்படி பயம். மாலையில் வில்லா கொமுனாலே பூங்காவின் கைப்பிடிச் சுவரோரம் போய் நில்லுங்கள். எதிரே வளைகுடா முழுக்க விரிந்து கிடக்கும், வலப்பக்கம் வெசுவியஸ், ஏழு மணி வாக்கில் கடலில் சூரியன் மறையும். முதல் நாளுக்கு அது போதும்.

இரண்டாம் நாள் படகில் அமால்ஃபி, அங்கிருந்து ரவெல்லோ. காலை முதல் படகைப் பிடியுங்கள். அமால்ஃபி ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பிசாவோடு போட்டி போட்ட கடல் வணிகக் குடியரசு. இன்றைக்கு ஒரு தெருவும் ஒரு சதுக்கமும் உள்ள சிற்றூர். பேராலயத்துக்கு 62 படிகள். அம்மா கீழே சதுக்கத்தில் காப்பியோடு உட்காரட்டும், மற்றவர்கள் ஏறிப் பாருங்கள். மேலே உள்ள வெண்கலக் கதவுகள் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்க்கப்பட்டவை. பக்கத்தில் 'சொர்க்கத்தின் முற்றம்' என்ற 13ஆம் நூற்றாண்டு முற்றத்தில் பின்னிப் பிணைந்த வெள்ளை வளைவுகள், பார்த்ததும் அரபு நாட்டு நினைவு வரும். இந்த ஊரின் வணிகர்கள் எங்கெல்லாம் போய் வந்தார்கள் என்பதற்கு அந்த வளைவுகளே சாட்சி.

ஒரு மணிக்குள் ரவெல்லோவுக்கு ஏறிவிடுங்கள். பேருந்தில் அரை மணி நேரத்துக்குள், டாக்ஸியும் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். கீழே இருந்த சத்தமெல்லாம் அங்கே கேட்காது. என்னைக் கேட்டால் இந்தத் தீபகற்பத்திலேயே மிக அழகான இடம் இதுதான். சதுக்கத்தை ஒட்டியே வில்லா ரூஃபோலோ இருக்கிறது. 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் இங்கே வந்து இந்தத் தோட்டத்தைப் பார்த்து மயங்கிப்போனார், இன்றும் கோடையில் கடலுக்கு மேலே மேடை போட்டு இசை விழா நடத்துகிறார்கள். வில்லா சிம்ப்ரோனேவுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும், வழியில் கொஞ்சம் படியும் ஏற்றமும் உண்டு. அதன் விளிம்பில் பளிங்குத் தலைச்சிலைகள் வரிசையாக நிற்கும் ஒரு மொட்டைமாடி. அந்தச் சிலைகளுக்கு அப்பால் எதுவுமே இல்லை, கடலும் வானமும் ஒரே நீலமாகக் கலந்திருக்கும். என் அம்மா அங்கே ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்பலாமா என்று கேட்டதற்கு, இன்னும் கொஞ்ச நேரம் என்றார். ஊருக்கு ஓர் இரவு என்று ஓடியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

திரும்பும் வழியில் பொசிட்டானோவைப் படகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் இறங்கலாம், படகு நேரே கடற்கரையிலேயே விடும். அங்கே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் வரலாம், ஊருக்குள் ஏறத் தேவையில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இங்கே கடற்கரை என்றால் மணல் இல்லை, கூழாங்கல். பையன் வெறுங்காலோடு ஓட முடியாது, தண்ணீரில் இறங்க ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள். சொரென்டோவில் அதுவும் குறைவு, பல இடங்களில் கடலுக்கு மேல் மரப்பலகை மேடை போட்டு ஏணி வைத்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காப்ரி, படகில் அரை மணி நேரத்துக்குள். அங்கே இரவு தங்கும் செலவை மிச்சம் பிடியுங்கள். இறங்கியதும் நீலக் குகைக்கு ஆள் சேர்ப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். குகை வாசல் ஒரு மீட்டர் உயரம்தான், துடுப்புப் படகில் மல்லாந்து படுத்தால்தான் உள்ளே நுழைய முடியும், அலை இருந்தால் மூடிவிடுவார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து உள்ளே ஐந்து நிமிடம். அம்மாவால் படகு மாறி ஏறி இறங்க முடியாது, அதனால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, தீவின் மேட்டு ஊரான அனாகாப்ரியிலிருந்து மோன்டே சொலாரோ உச்சிக்குப் போகும் தொங்கு நாற்காலி. ஒருவர் ஒருவராக உட்கார வேண்டும், பன்னிரண்டு நிமிடம் போல திராட்சைத் தோட்டங்களின் மேல் கால் தொங்க மிதந்து 589 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். நாற்காலி நிற்காது, உட்காரும்போதும் இறங்கும்போதும் ஊழியர் கை கொடுப்பார். அம்மாவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முழுத் தீபகற்பமும் அந்த உச்சியிலிருந்து ஒரே பார்வையில் கிடைக்கும்.

நான்காம் நாள் பொம்பெய். வெசுவியஸை அடியோடு எடுத்துவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து எரிமலைவாய்க்குச் சரளை மண்ணில் அரை மணி நேர ஏற்றம், அதை அம்மாவோடு ஒரே நாளில் பொம்பெய்க்கு மேல் சுமத்துவது அகலக்கால் வைப்பது. பொம்பெய் மட்டுமே 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தோண்டியிருக்கிறார்கள், அதையே ஒரு நாளில் முடிக்க முடியாது. ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். ரயிலில் போனால் இறங்குமிடம் போர்ட்டா மரீனா வாசலுக்கு அருகில், ஆனால் அந்த வாசலில் கரடுமுரடான கல் ஏற்றம். உங்களுக்கு எதிர்ப்பக்கம் உள்ள பியாட்சா அன்ஃபிதியாட்ரோ வாசல்தான் சரி. சக்கர நாற்காலிகளும் போகும்படி அமைத்த 'எல்லோருக்குமான பொம்பெய்' பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது, மூன்றரை கிலோமீட்டர் போல. ஓட்டுநரோடு வேன் எடுக்கச் சொன்னேனே, அது இந்த நாளுக்குத்தான்.

உள்ளே பையனுக்குக் காட்ட வேண்டியவை கோயில்களும் தூண்களும் இல்லை. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் அறுத்த தடங்களைக் காட்டுங்கள். மழைத் தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடக்க நட்டுவைத்த பெரிய கற்களையும், அவற்றின் நடுவே சக்கரம் போக விட்ட இடைவெளியையும் காட்டுங்கள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், குனிந்து குடித்தவர்கள் கையூன்றி ஊன்றியே கல் குழிந்திருக்கும். அந்தக் குழியில் அவன் கையை வைத்துப் பார்க்கட்டும். கி.பி. 79இல் ஒரு நாளில் நின்றுபோன ஊர் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வழிகாட்டியும் சொல்ல முடியாது. நிழல் மிகக் குறைவு, தொப்பியும் குடையும் வேண்டும், பாட்டிலை உள்ளே இருக்கும் குழாய்களிலேயே நிரப்பிக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். அன்று உடம்பு ஒத்துழைக்காவிட்டால், அதே எரிமலை புதைத்த இன்னொரு ஊரான ஹெர்குலேனியம் போகலாம். அளவில் சிறியது, ஆனால் கருகிய மரக் கதவும் கட்டிலும்கூட இன்னும் நிற்கின்றன.

ஐந்தாம் நாளை காலியாக விடுங்கள். நீங்கள் இருவரும் நடப்பவர்கள் என்றால் பையனைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு 'தேவர்களின் பாதை' போய் வரலாம். மலைமேல் பொமெரானோவிலிருந்து நொசெல்லே வரை ஆறேழு கிலோமீட்டர், இந்தத் திசையில் போனால் பெரும்பாலும் இறக்கம்தான். நொசெல்லேயிலிருந்து கடல் வரை 1,700 படிகள் இறங்கலாம், நான் இறங்கினேன், மறுநாள் தொடை வலித்தது. அங்கேயே பொசிட்டானோ பேருந்து ஏறிவிடுவது நல்லது. எல்லோரும் சேர்ந்தே இருக்க ஆசைப்பட்டால், சொரென்டோவிலிருந்து பேருந்தில் சான்ட் அகாத்தா. 'இரண்டு வளைகுடாக்களின் மேல்' என்பது அந்த ஊரின் முழுப் பெயரிலேயே இருக்கிறது. கொஞ்சம் மேலே இல் தெசெர்த்தோ மடம். ஒரு பக்கம் நேப்பிள்ஸ் வளைகுடா, திரும்பினால் சலெர்னோ வளைகுடா, முன்னால் காப்ரி. போகுமுன் திறந்திருக்கும் நேரத்தை ஹோட்டலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி சாப்பாடு. சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. உருளைக்கிழங்கு மாவில் பிடித்த நியோக்கியைத் தக்காளி, மொசரெல்லா சீஸ், துளசியோடு வேகவைத்துத் தருவது இந்த ஊரின் சொந்தப் பண்டம், பையனும் அப்பாவும் தயங்காமல் சாப்பிடுவார்கள். 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். கடுமையான சைவம் என்றால் பார்மெசான் சீஸைத் தூவ வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கன்றின் இரைப்பை நொதியைச் சேர்த்துத்தான் அதை உறைய வைக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக் கடைகள் ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும், பெரியவர்களுக்கு மாலையில் ஏதாவது கையில் வைத்திருங்கள்.

செப்டம்பர் கடைசி நல்ல தேர்வு. ஆகஸ்ட் நெரிசல் தணிந்திருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, ஆனால் நவம்பருக்குப் போகாதீர்கள். மழையில் சாலையில் பாறை சரியும், தெற்குக் கரைக்குப் பெரும்பாலும் படகு இல்லை, பாதி ஹோட்டல்கள் ஈஸ்டர் வரை மூடியிருக்கும். இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதனால் இந்த வாரமே முதலில் செய்ய வேண்டியது, ரத்து செய்தால் பணம் திரும்பும்படி சொரென்டோவில் ஐந்து இரவுக்கு அறை. இரண்டாவது, பொம்பெய் டிக்கெட் எந்தத் தேதியில் விற்பனைக்கு வரும் என்று பார்த்துக் குறித்துவைப்பது. படகு டிக்கெட்டை அங்கே போய், முந்தைய நாள் மாலை காற்றைப் பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.